நாற்பது மின்னஞ்சல்களும் ஒரு பின்குறிப்பும்

கேள்வி: நான் வாணியம்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, வயது 59. தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, 32 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றிய என் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி முடித்திருக்கிறேன். மொத்தம் 1,64,000 சொற்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள 40 இலக்கிய முகவர்களுக்கு ஒரே நாளில் அனுப்பினேன். 7 பேர் மறுத்துவிட்டார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. ஒரு நிறுவனம் மட்டும் பிரதியைப் படித்துப் பார்க்க 45,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? குறை என் எழுத்திலா, அனுப்பிய முறையிலா? தமிழிலேயே எழுதியிருக்க வேண்டுமோ?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தையும், முகவர்களுக்கு நீங்கள் அனுப்பிய அறிமுகக் கடிதத்தின் நகலையும், முதல் மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். பணத்தைப் பற்றிய கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

45,000 ரூபாயைக் கட்டாதீர்கள். முகவர் என்பவர் உங்கள் நூலைப் பதிப்பகத்திடம் விற்றுக் கொடுத்து, அதில் உங்களுக்கு வரும் தொகையிலிருந்து தம் பங்கை எடுத்துக்கொள்பவர். உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்பு உரிமைக்கும் 20 சதவீதம் என்பது பரவலான வழக்கம். நூல் விலைபோகாவிட்டால் அவருக்கும் ஒன்றும் கிடையாது. அவர் அவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே அதுதான். படிப்பதற்கே காசு வாங்குகிறவருக்கோ உங்கள் நூல் விற்றாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, உங்களைப் போல் மாதம் பத்துப் பேர் ஆசையோடு எழுதினால் அவர் பிழைப்பு நடந்துவிடும். அமெரிக்க இலக்கிய முகவர் சங்கம் தன் உறுப்பினர்கள் வாசிப்புக் கட்டணம் வாங்குவதை நடத்தை விதியிலேயே தடுத்திருக்கிறது. நல்ல எடிட்டர் ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பிரதியைச் செப்பனிட்டு வாங்குவது வேறு விஷயம், அதில் தவறில்லை. அந்த வேலையையும் முகவர் வேலையையும் ஒரே ஆள் ஒரே ரசீதில் செய்து தருவதாகச் சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பிய முறையில் குறை இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. நாற்பது முகவரிகளும் பெறுநர் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாருக்கும் தெரியும்படி நிற்கின்றன. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டிய வீட்டுக்குப் பத்திரிகையைத் தபாலில் போட்டால் அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வருவார்களா என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பட்டியலில் சிறுவர் நூல்களை மட்டும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். புனைகதையைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் இருக்கிறார்கள். பல நிறுவனங்களில் ஒருவர் மறுத்தால் எல்லாரும் மறுத்ததாகவே பொருள். பட்டியலில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்க, கடிதம் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்குகிறது. கூடவே முழுப் பிரதியையும் இணைப்பாகச் சேர்த்திருக்கிறீர்கள். கேட்காமல் வந்த இணைப்பை அமெரிக்க முகவர்களில் பலர் திறப்பதே இல்லை.

இவ்வளவையும் திருத்திக்கொண்டு நாளைக்கே மறுபடி அனுப்பினாலும் இதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். காரணம் அந்த அறிமுகக் கடிதத்துக்குள் இருக்கிறது.

அதன் முதல் பத்தி முழுவதும் ஊரின் முகவரியாக இருக்கிறது. வாணியம்பாடி இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பது, 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது, 1989-இல் பிரிப்பதற்கு முன் அதுவே ஒன்றுபட்ட வட ஆற்காடாக இருந்தது என்று நான்கு வரிகள். தகவல்கள் சரிதான், காட்பாடியில் உட்கார்ந்து படிக்கும் எனக்கு அவை இனிக்கவும் செய்தன. மன்ஹாட்டனில் ஒரு நாளைக்கு ஐம்பது கடிதங்களைப் புரட்டும் ஒருவருக்கு நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் என்ன அக்கறை இருக்க முடியும்? இரண்டாம் பத்தியில் பட்டங்கள், பணியிட மாற்றங்கள், பெற்ற நல்லாசிரியர் விருது. மூன்றாம் பத்தியில், விடாமுயற்சி இருந்தால் எந்தப் பெண்ணும் வெல்லலாம் என்பதை இந்நூல் இளைஞர்களுக்கு உணர்த்தும் என்கிறீர்கள். பணி நிறைவு விழாவில் மாலை போட்டு உட்கார வைத்து வாசித்தளிக்கும் மடலின் அமைப்பு இது. அந்த மேடைக்கு அது பொருத்தம். முகவர் தேடுவது அதுவல்ல.

அவர் தேடுவதை நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், கையொப்பத்துக்குக் கீழே, ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருக்கிறீர்கள். அதை இங்கே சுருக்கித் தருகிறேன். ஆம்பூருக்கு அப்பால் இருந்த உங்கள் தாய்மாமனின் கிணறு, தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவால் கெட்டுப்போனது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இழப்பீட்டுக்காகக் கணக்கெடுக்க வந்தவர்களிடம், தண்ணீர் எப்போது நிறம் மாறியது, கழிவு எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று சொல்வதற்கு மாமா உங்கள் அப்பாவைக் கூப்பிட்டார். அந்த வாய்க்காலைத் திறந்துவிடும் வேலையில் அப்பா பல ஆண்டுகள் இருந்தவர். அப்பா போகவில்லை. மறு ஆண்டு உங்கள் தங்கையின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. மாமா அதன்பின் உங்கள் வீட்டு வாசல்படி ஏறாமலே 2009-இல் காலமானார். ‘குடும்ப விஷயம், இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை’ என்று முடித்திருக்கிறீர்கள்.

சகோதரி, உங்கள் நூல் அதுதான்.

தன்வரலாறு பிறப்பிலிருந்து இன்றுவரை நடந்ததைச் சொல்லிப் போகலாம். சொல்பவரை உலகம் ஏற்கெனவே அறிந்திருந்தால் அப்படியே படிப்பார்கள். அறியப்படாத ஒருவர் எழுதும் நினைவுக்குறிப்பு நூலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிலும் கதைபோல் சொல்லும் நினைவுக்குறிப்பை முகவர்கள் நாவலைப் போலத்தான் எடைபோடுகிறார்கள்: யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எது குறுக்கே நின்றது, கடைசியில் யார் எதை இழந்தார்கள். உங்கள் வீட்டில் அரிசி வாங்கிய காசும் மாமன் வீட்டு நிலத்தைக் கெடுத்த கழிவும் ஒரே தொழிற்சாலை வாசலின் வழியாக வெளியே வந்தன. கழிவு போன வழியைக் கண்ணால் பார்த்த மனிதரிடம் மைத்துனர் உண்மையைக் கேட்கிறார். சொன்னால் அவர் வேலை போகும்; மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்த வேலை அது. அத்தனை ஆண்டுகளாக அவர் வாய் திறக்காமல் இருந்ததால்தான் நீங்கள் ஆசிரியையானீர்களா என்பதை நூலின் எந்தப் பக்கத்திலும் நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பெண் அந்தக் கேள்வியைத் தொடாமல் இந்த நூலை எழுதி முடிக்க முடியாது என்பது என் கருத்து.

வெளியுலகம் அறிந்த பகுதியும் இதில் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது; தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்து, பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. முன்னெச்சரிக்கைக் கொள்கை, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இரண்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு என்பதால் சட்ட மாணவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். அவர்கள் படிக்கும் தீர்ப்பில் உங்கள் வீட்டுச் சமையலறை இல்லை. அதைக் கொண்டுவரக்கூடியவர் நீங்கள்தான். அறிமுகக் கடிதத்தில் இந்தத் தீர்ப்பு ஒரே ஒரு வாக்கியமாக வந்தால் போதும்.

உங்களால் அது முடியும் என்பதற்கு உங்கள் பிரதியே சாட்சி. இரண்டாம் அத்தியாயத்தில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்து புண்ணான அப்பாவின் விரல்கள் குழம்பின் காரம் பட்டால் எரியும் என்பதால், அம்மா சோற்றைப் பிசைந்து உருண்டையாக்கி அவர் உள்ளங்கையில் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில், அம்மா பிறந்த வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீரைப் பேருந்தில் கொண்டுவந்து நடுவீட்டில் வைக்கிறார். யாரும் எதுவும் பேசவில்லை. அன்றிரவு அந்தத் தண்ணீரிலேயே உலை வைக்கிறார். பழுப்பேறிய சோற்றை வழக்கம்போல் பிசைந்து உருட்டி அப்பாவின் கையில் வைக்கிறார். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். அரைப் பக்கம்தான். அடுத்த பத்தியில் நீங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வில் பெற்ற மதிப்பெண்களுக்குப் போய்விடுகிறீர்கள்! படித்துக்கொண்டிருந்த நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பதிப்பகம் ஒன்றில் பிரதி வாசிப்பவனாக இருந்த இளவயதில், முதல் பன்னிரண்டு பக்கங்களும் வம்சாவளியாக இருந்த ஒரு பிரதியை அத்தோடு மூடி மறுப்புக் கடிதம் அனுப்பினேன். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பிரதியின் நகலை வேறொரு காரணத்துக்காக முழுதும் படிக்க நேர்ந்தது. நாற்பதாம் பக்கத்துக்கு மேல் அது அபாரமாக இருந்தது. அவசரப்பட்டது என் குற்றம். ஆனால் நாற்பதாம் பக்கம்வரை பொறுமையாக இருக்கும் வாசிப்பாளரை நம்பி ஒருவர் நூல் எழுதக் கூடாது என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். முகவர்கள் பெரும்பாலும் முதல் ஐந்து, பத்துப் பக்கங்களில் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். குடத்துத் தண்ணீர் முதல் அத்தியாயத்துக்கு வர வேண்டும்.

அறிமுகக் கடிதத்தின் முதல் பத்தி எப்படி இருக்கலாம் என்பதைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் உங்கள் நடையில் எழுதிக்கொள்ளுங்கள். “என் தந்தை தென்னிந்தியத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கழிவு வாய்க்காலைத் திறந்துவிடும் வேலை பார்த்தார். அந்த வாய்க்கால் என் தாயின் அண்ணனுடைய கிணற்றருகே முடிந்தது. 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம் விவசாயிகளுக்கு இழப்பீடு தர வழி செய்தபோது, மாமாவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சாட்சி. என் தந்தை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதற்கு முன்பும் பல ஆண்டுகள் அவர் காத்த மௌனத்தில் படித்து முன்னேறிய மகள் நான். அந்த மௌனத்தின் விலை என்ன என்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் போன கதை இது.” இதற்குக் கீழே நூலின் பெயர், சொல் எண்ணிக்கை, இது முடிந்த பிரதி என்ற தகவல், உங்களைப் பற்றி மூன்று வரி. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்; ஆங்கிலத்தில் 300 சொற்கள், அதிகம் போனால் 350. விருதுகளில் ஒன்றைச் சொன்னால் போதும். இளைஞர்களுக்கான அறிவுரை தேவையில்லை.

ஒப்பிட்டுச் சொல்ல இரண்டு நூல்களைக் கேட்பார்கள். தேசத் தலைவர்களின் சுயசரிதைகளோடு உங்கள் நூலை ஒப்பிட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வந்த, ஓரளவு விற்ற, உங்கள் நூலை வாங்கக்கூடியவர்கள் வாங்கிய நினைவுக்குறிப்பு நூல்கள் இரண்டைச் சொல்லுங்கள். அவற்றை நீங்கள் முழுதும் படித்திருக்க வேண்டும்.

இனி நீளம். இவ்வகை நூலுக்கு 70,000 முதல் 90,000 சொற்கள்வரை என்பதே முகவர்கள் எதிர்பார்க்கும் அளவு. 1,64,000 என்ற எண்ணைக் கண்டவுடனே பலர் மேற்கொண்டு படித்திருக்க மாட்டார்கள். பாதியை வெட்டுவது கொடுமைதான். ஆனால் நான் முன்பு சொன்ன கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எது போக வேண்டும் என்பது தானாகத் தெரியும்: நீங்கள் பணியாற்றிய ஏழு பள்ளிகளில் ஐந்து போய்விடும், தலைமையாசிரியரோடு நடந்த பதவி உயர்வுத் தகராறு போய்விடும், அதில் நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும். அடிக்குறிப்புகள் முழுவதும் போகட்டும். ஆவாரம்பட்டைக்குத் தாவரவியல் பெயர், கடுக்காய்க்கு மருத்துவப் பயன் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அப்பா பட்டை ஊறிய தண்ணீரில் தோலைப் புரட்டுவதைக் காட்டினால் அயலூர் வாசகர் தாமே புரிந்துகொள்வார். சோற்று உருண்டைக்கு நீங்கள் அடிக்குறிப்பு எழுதவில்லை. அது யாருக்குப் புரியாமல் போகும்?

வெட்டி முடித்து, முழுப் பிரதியும் கையில் தயாரான பிறகே அனுப்பத் தொடங்குங்கள். கட்டுரை நூல்களுக்கு முன்மொழிவும் இரண்டு அத்தியாயங்களும் போதும் என்பார்கள்; அறியப்படாதவரின் நினைவுக்குறிப்புக்கு அது செல்லாது, முழுவதையும் கேட்பார்கள். இந்தியப் பதிப்பகங்கள் சில முன்மொழிவையும் சேர்த்துக் கேட்பதுண்டு என்பதால் வாசகர் யார், அத்தியாயங்கள் என்னென்ன என்று எட்டுப் பத்துப் பக்கங்களில் ஒன்றை எழுதி வைத்திருங்கள்.

அமெரிக்க முகவர்கள் பொதுவாக அறிமுகக் கடிதத்தோடு முதல் சில பக்கங்களை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டச் சொல்வார்கள், அல்லது தங்கள் இணையப் படிவத்தில் நிரப்பச் சொல்வார்கள். பிரிட்டனில் கடிதம், ஒன்றிரண்டு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் அல்லது 10,000 சொற்கள் என்பது வழக்கம். கதைச்சுருக்கத்தில் முடிவை மறைக்கக் கூடாது. ‘மீதியை நூலில் காண்க’ என்று முடித்திருக்கிறீர்கள். அது பின்னட்டைக்குச் சரி, முகவரிடம் செல்லாது. ஒவ்வொருவரும் தம் தளத்தில் விதிகளை எழுதி வைத்திருப்பார்கள். அதில் உள்ளபடியே செய்யுங்கள். 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, பக்க எண், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் உங்கள் பெயரும் நூலின் பெயரும். பூ வேலைப்பாடுகளும் வண்ண எழுத்தும் வேண்டாம்.

ஒரு தடவைக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும், ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதமாக. பலருக்கு ஒரே காலத்தில் அனுப்புவது ஏற்கப்பட்ட வழக்கம்தான். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். நோட்டில் கோடு போட்டு யாருக்கு, என்றைக்கு, என்ன பதில் என்று குறித்து வாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை பதில் இல்லையென்றால் மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேரும் முதல் கட்டத்திலேயே மறுத்தால் கடிதத்தில் கோளாறு. பக்கங்களைக் கேட்டு வாங்கிப் படித்த பின் மறுத்தால் பக்கங்களில் கோளாறு. நாற்பதையும் ஒரே நாளில் செலவழித்துவிட்டால் இந்தப் பாடம் கிடைக்காமல் போகிறது. முன்பு மறுத்தவர்களிடமும் மௌனமாக இருந்தவர்களிடமும், நூலை அடியோடு மாற்றி எழுதியிருந்தால், அதை ஒரு வரியில் சொல்லி ஓராண்டுக்குப் பின் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். யாராவது ஏற்றுக்கொள்ள முன்வந்தால் அந்த மகிழ்ச்சியில் உடனே தலையாட்டிவிடாமல், பிரதியைப் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குத் தெரிவித்து ஒன்றிரண்டு வாரம் அவகாசம் கொடுப்பது மரபு.

லண்டனும் நியூயார்க்கும் மட்டுமே வாசல்கள் என்று எண்ண வேண்டாம். உங்கள் நூலுக்கு முதல் வாசகர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. ஜெய்ப்பூரில் சியாஹி, டில்லியில் ரெட் இங்க், ரைட்டர்ஸ் சைட் போன்ற முகவர் நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் பெரிய ஆங்கிலப் பதிப்பகங்கள் சில, முகவர் இல்லாமலும் எழுத்தாளரிடமிருந்து நேராகப் பிரதிகளைப் பெறுகின்றன. பாலாறு என்றால் மணலைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்பதும், 2021 நவம்பரில் அதில் கரைபுரண்ட வெள்ளம் ஓடியபோது ஊரே பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்த்தது ஏன் என்பதும் டில்லி எடிட்டருக்கு ஓரளவு விளங்கும்.

‘எழுதலாமா’ என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். மாமா உங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் உங்களிடம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். தாள்கள் உங்கள் குடும்பத்தின் சொத்து. அதில் எழுதியிருக்கும் வாசகங்களின் பதிப்புரிமை எழுதியவருடையது. அவர் வாழ்நாளில் அச்சில் வராத எழுத்து என்பதால், அது முதன்முதலாக வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் முடியும்வரை அந்த உரிமை அவர் வாரிசுகளிடம் இருக்கும். கடிதங்களை அப்படியே எடுத்துப் போட வேண்டுமானால் மாமன் பிள்ளைகளிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னது இதுதான்: பொது ஆவணங்களில் உள்ளதை எழுத ஒருவரின் சம்மதம் வேண்டியதில்லை, அதற்கு அப்பால் ஒருவருடைய அந்தரங்க வாழ்க்கைக்குள் போனால் பொறுப்பும் கூடவே வரும். தொழிற்சாலை முதலாளியைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு இடங்களில் ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டு இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் தப்பிக்க முடியாது, ஊராருக்கு ஆள் யாரென்று தெரிந்தால் அவதூறு அவதூறுதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இறந்தவர்களைப் பற்றிய அவதூறையும் சேர்த்துப் பேசுகிறது. நூலை ஏற்கும் பதிப்பகம் வழக்கறிஞரைக் கொண்டு படித்துப் பார்க்க வாய்ப்புண்டு. அதற்காகக் காத்திராமல் எந்த வரிக்கு எந்த ஆதாரம் என்று இப்போதே ஒரு கோப்பு போட்டு வையுங்கள்.

தமிழில் எழுதியிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டும் எழுதலாம் என்பதே. ஆனால் தமிழில் முகவர் என்ற ஏற்பாடு இன்னும் வேர்விடவில்லை. பதிப்பாளருக்கு நேராக எழுத வேண்டும், பல வேளைகளில் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் கடை வாசலில் நின்றுகொண்டே பேச வேண்டும். உரிமைத்தொகை பொதுவாக விற்பனை விலையில் 10 சதவீதம். ஒப்பந்தம் கட்டாயம் எழுத்தில் இருக்கட்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆங்கில உரிமையையும் மொழிபெயர்ப்பு உரிமையையும் தமிழ்ப் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எந்த முகவரிடம் போனாலும் விற்பதற்கு உங்கள் கையில் ஒன்றும் இராது. 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பற்றிய பேச்சுதான் முக்கியம்; தமிழில் நூல் வந்தால் அந்த வழியும் உங்களுக்குத் திறக்கும். உங்கள் ஆங்கிலத்தில் பிழை இல்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் பேசும் இடங்களில் அது பாடப்புத்தகத்துக்குப் போய்விடுகிறது. அந்த உரையாடல்களை மட்டும் முதலில் தமிழில், உங்கள் வீட்டில் பேசியபடியே எழுதிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள்.

எதையும் அனுப்புவதற்கு முன் ஒரு நாள் மாமன் மகனைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடிதங்களின் நகல்களை எடுத்துச் சென்று அவரிடம் படித்துக் காட்டி, அனுமதியை இரண்டு வரியில் தாளில் எழுதி, தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பின்போது அவர்கள் கொடுத்த மனுவின் நகல் வீட்டில் கிடந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் அதை உறைகிணறு என்றும், ஏழு பக்கம் தள்ளிக் கல்கட்டுக் கிணறு என்றும் எழுதியிருக்கிறீர்கள்.